கீமோ நாட்களில் சீந்தில் சாறு கொடுக்கலாமா?

கேள்வி: அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். இரண்டாவது கீமோ முடிந்து 9 நாள். வெள்ளையணு 1,800தான் இருக்கிறது. சீந்தில் எதிர்ப்புச் செல்களை அழியாமல் காக்கும் என்று படித்து, தினமும் சாறு கொடுக்கிறேன். முடி கொட்டுகிறது, வாய் கசக்கிறது. நேற்றிரவு லேசாக உடம்பு சுட்டது, பாராசிட்டமாலில் சரியாகிவிட்டது. சாற்றின் அளவைக் கூட்டலாமா?

பதில்: நேற்றிரவு உடம்பு சுட்டதை ஒரு வரியில் எழுதிவிட்டுச் சாற்றுக்குப் போய்விட்டீர்கள். எனக்குப் பதறியது அந்த வரியில்தான். இப்போது காய்ச்சல் இல்லாவிட்டாலும், இதைப் படித்தவுடன் அம்மாவின் புற்றுநோய் மருத்துவரைக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

கீமோ முடிந்து 7 முதல் 14 நாளுக்குள்தான் வெள்ளையணு அடிமட்டத்துக்கு இறங்கும். அதில் கிருமியோடு முதலில் மோதும் நியூட்ரோபில் 500க்குக் கீழே போனால், சீழ் பிடிக்காது, சளி கட்டாது. சண்டை போட ஆள் இல்லை என்பதால் பெரும்பாலும் வேறு அறிகுறியே தெரியாது. காய்ச்சல் ஒன்றுதான் தெரியும். அதையும் பாராசிட்டமால் போட்டு அணைத்துவிட்டால் எதைப் பார்த்து ஓடி வருவீர்கள்? "ராத்திரி எதுக்குப் பிள்ளைகளை எழுப்பணும்" என்று மாத்திரை போட்டுப் படுத்த ஓர் அம்மாவை, காலையில் ரத்த அழுத்தம் 70க்கு இறங்கிய நிலையில் பார்த்திருக்கிறேன். பிழைத்தார், ஆனால் 11 நாள் ஐசியூவில் இருந்தார்.

முடி திரும்ப முளைக்கும். வாய்க்கசப்பும் போகும். விடுங்கள்.

சீந்தில் பற்றிப் படித்தது முழுப் பொய் இல்லை. கீமோ மருந்து கொடுத்த எலிகளில் வெள்ளையணு குறைவதை அது தடுத்ததாக ஆய்வுகள் உண்டு. ஆனால் வெள்ளையணு உருவாகும் எலும்பு மஜ்ஜையின் செல்லைக் காக்கும் பொருள் கட்டியின் செல்லையும் சேர்த்துக் காத்துவிட்டால்? அதற்கு எலி பதில் சொல்லாது. இன்னொன்று, கொரோனா காலத்தில் சீந்தில் குடித்துக் கல்லீரல் கெட்டவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் 2021இல் எழுதினார்கள். அவர்கள் குடித்தது சீந்தில் போலவே இருக்கும் வேறு கொடியாக இருக்கலாம் என்று ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. நீங்கள் வாங்குவது எந்தக் கொடி என்று உங்களுக்குத் தெரியுமா? கல்லீரல் கெட்டால் அடுத்த கீமோ தள்ளிப்போகும். அதோடு, கொதிக்காத பச்சைச் சாற்றில் கிருமியும் இருக்கலாம். இன்றே நிறுத்துங்கள். வெள்ளையணுவை ஏற்ற ஊசி இருக்கிறது. தேவையா என்று அம்மாவின் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

வீட்டில் தெர்மாமீட்டர் இருக்கட்டும். 100.4 டிகிரி காட்டினால் நள்ளிரவானாலும் மாத்திரை போடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். அவசரப் பிரிவில் காய்ச்சல் என்று மட்டும் சொன்னால் வரிசையில் உட்காரவைப்பார்கள். "கீமோ எடுக்கிறவர், காய்ச்சல்" என்று சொல்லுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் ஏற வேண்டும்.