கடலோரத்தில் கான்டெஸா வாங்கலாமா? – கடிதமும் பதிலும்

அன்புள்ள காக்கா (அண்ணா),

அஸ்ஸலாமு அலைக்கும். எனக்குச் சொந்த ஊர் கீழக்கரை. துபாய் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த மாதம் ஒரேயடியாக ஊருக்குத் திரும்புகிறேன். சின்ன வயதில் எங்கள் தெருவில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு ஒரு வெள்ளை கான்டெஸா கார் வரும். அதன் பானெட்டைத் தொட்டுப் பார்த்து டிரைவரிடம் திட்டு வாங்கியிருக்கிறேன். அன்று பிடித்த ஆசை. இப்போது கோயம்புத்தூரில் ஒரு கான்டெஸா விலைக்கு வந்திருக்கிறது. 1996 மாடல், 1.8 பெட்ரோல், நாலரை லட்சம் சொல்கிறார்கள். இன்ஜின் பக்கா கண்டிஷனாம். போட்டோவில் பளபளவென்று இருக்கிறது. எங்கள் வீடு கடலிலிருந்து கூப்பிடு தூரம். வீட்டிலோ, “யானையைக் கட்டித் தீனி போடும் வேலை வேண்டாம், புதிதாக ஒரு ஆட்டோமேட்டிக் வண்டி வாங்குங்கள்” என்கிறார்கள். நண்பர் ஒருவர், பழைய ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் கார் எடு, ஓட்ட அதுதான் ஜோர் என்கிறார். மாதம் என்ன செலவாகும்? இன்ஜின் வேலை வந்தால் நம் பக்கம் ஆள் உண்டா? இன்ஜினில் எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்? ஒளிக்காமல் சொல்லுங்கள்.

(பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி,

இன்ஜினைப் பற்றி இத்தனை கேட்டிருக்கிறீர்கள், தகரத்தைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. நம் கடற்கரையில் பழைய கார் வைத்திருப்பவன் தூக்கம் கெடுவது தகரத்தால்தான்.

இன்ஜின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். கான்டெஸா 1984-ல் வந்தபோது அதில் இருந்தது அம்பாசிடரின் பழைய 1.5 லிட்டர் இன்ஜின். அவ்வளவு பெரிய உடம்பை அது இழுக்கத் திணறியது. பிறகுதான் இசுசு 1.8 வந்தது, ஐந்து கியரோடு. உங்களுக்குச் சொல்லியிருப்பது அந்த வண்டி. இதே இன்ஜினை ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் கம்பெனி தன் அம்பாசிடரிலும் போட்டு விற்றது. கான்டெஸா 2002-ல் நின்றாலும் அம்பாசிடர் 2014 வரை வந்துகொண்டிருந்தது. அதனால் இந்த இன்ஜினைப் பிரித்து மாட்டிய கைகள் தமிழ்நாடு முழுக்க உண்டு. ராமநாதபுரத்தில் டாக்ஸி அம்பாசிடர் பார்த்த பெரியவர் யாரையாவது பிடித்தால் போதும், கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். சாமான் சென்னை புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். கிடைக்காததை லேத்தில் கடைந்துகொள்ளலாம்.

லேத்தில் கடைய முடியாத சாமான்தான் ஆளைக் கொல்லும். பின்லைட் கண்ணாடி, முன் கண்ணாடியைச் சுற்றி வரும் ரப்பர் பீடிங், கதவுப் பிடி, டேஷ்போர்டு, குரோம் பம்பர். எல்லாம் கான்டெஸாவுக்கென்றே வந்தவை, அம்பாசிடரிலிருந்து எடுத்து மாட்ட முடியாது. ஒரு பின்லைட் உடைந்தால் புதுப்பேட்டைக்குப் போன் போட்டு, அவர்கள் இன்னொருவரைக் கைகாட்டி, அவர் போட்டோ அனுப்பி, அது இடப்பக்கத்து லைட்டாக இருந்து, இப்படியே மாதம் ஓடும். வண்டி அதுவரை ஷெட்டில் நிற்கும். பழைய காரில் பெரிய செலவு இந்தக் காத்திருப்புதான், அதற்கு யாரும் பில் போடுவதில்லை.

சரி, தகரத்துக்கு வருகிறேன். உப்பு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும். மழையே பெய்யாவிட்டாலும், உப்புப் படிந்த இரும்பு நம் ஊரில் முழுக்கக் காய்வதே இல்லை. தண்ணீரும் காற்றும் உப்பும் ஒரே இடத்தில் இருந்தால் துரு ராத்திரி பகலாக வேலை பார்க்கும். தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் மாதங்களில் தென்கடலின் சாரல் நேராகக் கீழக்கரை வீடுகளுக்கு வரும். காலையில் ஜன்னல் கம்பியைத் தடவி நாக்கில் வைத்துப் பாருங்கள், சொல்கிறேன். காரைக்குடி சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) காரர்கள் உலோகத் தகடுகளைக் காற்றில் நிறுத்தி எவ்வளவு அரிக்கிறது என்று பார்க்க மண்டபத்தில்தான் இடம் வைத்திருக்கிறார்கள். சும்மா வைப்பார்களா? 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்கு நூறு வருடத்துக்கும் மேலாகப் பெயிண்ட் அடித்தும் இரும்பை மாற்றியும் ரயில்வேக்கு மாளவில்லை. 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தில் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், மேலே பாலிசிலாக்ஸேன் பூச்சும் கொடுத்திருக்கிறார்கள். 1996-ல் மேற்கு வங்கத்து உத்தர்பாரா தொழிற்சாலையில் செய்த காருக்கு அப்படியெல்லாம் யாரும் கொடுக்கவில்லை.

இன்னொன்று. ஜீப், ஜிப்ஸி மாதிரி வண்டிகளில் கீழே தனியாக சேஸிஸ் என்ற இரும்புச் சட்டம் உண்டு. மேல் தகரம் போனாலும் வண்டி நிற்கும். தனுஷ்கோடிக்கு 2017-ல் தார் ரோடு வருவதற்கு முன்னால் மணலிலும் கடல் தண்ணீரிலும் சுற்றுலாக்காரர்களை ஏற்றிப் போன வண்டிகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கதவு பாதி இருக்கும், தரையில் ஓட்டை வழியே மணல் தெரியும், ஆனாலும் ஓடும். கான்டெஸா அப்படி இல்லை. அதில் பாடியேதான் சேஸிஸ். தரைத்தகரமும் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிப் பகுதியும் அரித்துவிட்டால் வண்டியின் பலமே போய்விடும். ஜாக்கி வைத்துத் தூக்கினால் சக்கரம் எழாது, ஜாக்கிதான் உள்ளே போகும்.

ஆகவே, போட்டோவில் தெரியும் பளபளப்பை நம்பாதீர்கள். பட்டி பார்த்துப் பெயிண்ட் அடித்தால் எதுவும் பளபளக்கும். ஒரு சின்ன காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கதவின் அடி விளிம்பு, சக்கர வளைவு, பின் கண்ணாடிக்குக் கீழ்ப்பகுதி, இங்கெல்லாம் வைத்துப் பாருங்கள். தகரம் இருந்தால் ஒட்டும், பட்டி கனமாக இருந்தால் நழுவி விழும். அப்புறம் கார்ப்பெட்டைத் தூக்கச் சொல்லுங்கள். ஸ்டெப்னி இருக்கும் குழியில் கையை விட்டுப் பாருங்கள். “கார்ப்பெட் ஒட்டியிருக்கு சார், கழற்ற முடியாது” என்றால் டீ குடித்துவிட்டுக் கிளம்பிவிடலாம்.

பாடி நன்றாக இருந்து இன்ஜின் புகை விட்டால்கூட நான் வாங்கச் சொல்வேன். இன்ஜின் பக்கா, தரை மட்டும் கொஞ்சம் வேலை என்றால் வேண்டாம். இன்ஜினுக்கு ஒருமுறை செலவழித்தால் வருடக்கணக்கில் ஓடும். டிங்கரிங்கில் வெட்டி ஒட்டிய இடம் நம் ஊரில் இரண்டு கச்சான் தாங்கினாலே பெரிது. ஒட்டுப்போட்ட தகரத்துக்குப் பின்பக்கம் யாரும் பிரைமர் அடிப்பதில்லை, அங்கிருந்துதான் மறுபடி தொடங்கும்.

என்னிடம் இருப்பது பிரீமியர் பத்மினி. அதன் பம்பருக்குக் குரோம் போட மதுரையில் ஒரு பட்டறையில் கொடுத்தேன், பெயர் வேண்டாம். நாலு மாதம் வைத்திருந்து கண்ணாடி மாதிரி கொடுத்தார்கள். வாடைக் காற்று முடிவதற்குள் வெங்காயத் தோலாக உரிந்துவிட்டது. அடியில் நிக்கல் கனமாகப் போடாமல் மேலே மட்டும் மினுக்கியிருக்கிறார்கள். கேட்டால், “கடல் பக்கம்னு நீங்க சொல்லலையே சார்” என்றார் முதலாளி. வண்டி ராமநாதபுரம் பதிவு எண்ணோடு அவர் வாசலில்தான் நின்றது.

இனி, வாங்கியபின் வாரம் ஒரு மணி நேரம் கொடுக்க முடியுமா என்று யோசியுங்கள். மாதச் செலவைத் தீர்மானிப்பது அதுதான். முதல் விஷயம் தண்ணீர். நம் பக்கம் போர்வெல்லில் வருவது உப்புத்தண்ணீர். குடிக்கக் குடம் கணக்கில் விலை கொடுத்து வாங்குகிறோம், காரை மட்டும் போர்த் தண்ணீரில் கழுவி வெயிலில் காயவைக்கிறோம். காற்று கொண்டுவராத உப்பையும் நாமே பூசிவிடுகிற வேலை. பல வாட்டர்வாஷ் கடைகளிலும் அதே போர்த் தண்ணீர்தான். நல்ல தண்ணீர் ஒரு வாளி போதும், துணியை நனைத்துத் துடையுங்கள். அடிப்பகுதிக்கு மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து அடித்தால் இன்னும் நல்லது. ரேடியேட்டருக்குப் போர்த் தண்ணீர் ஒரு சொட்டு ஆகாது. கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் மட்டும்.

கதவின் அடியில் சின்னச் சின்ன துவாரங்கள் இருக்கும். கண்ணாடி வழியே உள்ளே இறங்கும் தண்ணீர் வடிவதற்காக வைத்தது. தூசியும் உப்பும் சேர்ந்து அதை அடைத்துவிடும். விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றை உள்ளே விட்டுக் குத்துங்கள். முதல் தடவை காப்பி நிறத்தில் ஒரு தண்ணீர் வரும், கூடவே துருச் செதில்களும். அந்தத் தண்ணீர் எத்தனை மாதமாகக் கதவுக்குள் நின்றதோ! ஈர்க்குச்சிக்குக் காசு கிடையாது. கதவுக்கு டிங்கரிங் செய்யக் கொடுத்தால் ஆயிரக்கணக்கில் போகும்.

நாள்கணக்கில் நிறுத்தி வைக்கும்போது ஹேண்ட்பிரேக் போடாதீர்கள். பத்து நாள் எடுக்காமல் விட்டால் பிரேக் ஷூ டிரம்மோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். கியரில் போட்டுச் சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். பிளாஸ்டிக் கவரும் வேண்டாம், அது ஈரத்தை உள்ளேயே பூட்டி வைக்கும். நாலு பக்கமும் காற்றோடும் கீற்றுக் கொட்டகை நல்லது. எலி வரும், ஒயரைக் கடிக்கும், அது தனிக் கதை. அடியில் வேஸ்ட் ஆயில் பூசும் பழக்கம் நம் ஜீப்காரர்களிடம் உண்டு. துருவைத் தடுக்கத்தான் செய்கிறது, ஆனால் ரப்பர் புஷ்களை ஊதவைத்துக் கெடுத்துவிடும், வீட்டு வாசலும் நாறும். மெழுகு வகைத் துருத் தடுப்பை ஸ்பிரே செய்கிறார்கள். அதைப் பெட்டிப் பகுதிகளுக்குள்ளும் அடிக்கச் சொல்லுங்கள். துருவின்மேல் கருப்புத் தார் மாதிரி பூசி மூடினால் உள்ளே அரிப்பது வெளியே தெரியாது, அவ்வளவுதான் லாபம்.

லைட் மங்கினால், பிரேக்கை மிதிக்கும்போது இண்டிகேட்டரும் சேர்ந்து மினுக்கினால், எலக்ட்ரீஷியன் முழு ஒயரிங்கையும் மாற்ற வேண்டும் என்பார். உடனே தலையாட்ட வேண்டாம். முதலில் எர்த் ஒயர் பாடியில் பிடித்திருக்கும் போல்ட்டைக் கழற்றுங்கள். பச்சையும் பழுப்புமாகப் பூத்திருக்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வாஸலின் தடவி இறுக்கினால் பெரும்பாலும் அங்கேயே சரியாகிவிடும்.

பெட்ரோல் விஷயமும் இருக்கிறது. இப்போது பங்கில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. அந்தக் காலத்து ரப்பர் ஹோஸும் கார்புரேட்டர் கேஸ்கெட்டும் அதற்காகச் செய்தவை அல்ல. எத்தனால் ஈரத்தை இழுக்கும். நம் காற்றில் அரை டேங்கோடு மாதக்கணக்கில் நிறுத்தினால் டேங்க் உள்ளிருந்தும் துருப்பிடிக்கும். வாங்கியதும் ஹோஸ்களை எத்தனால் தாங்கும் ரகத்துக்கு மாற்றிவிடுங்கள். வாரம் ஒருமுறை ராமநாதபுரம் வரைக்கும் போய் வாருங்கள். லிட்டருக்கு எட்டு, பத்து கிலோமீட்டர் கொடுத்தால் சந்தோஷப்படுங்கள்.

காகிதத்தை விட்டுவிடாதீர்கள். 1996 வண்டிக்கு 2011-ல் பதினைந்து வருடம் முடிந்துவிட்டது. அதன்பின் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2016, 2021, அப்புறம் 2026. ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) எது வரை இருக்கிறது என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்க வேண்டாம். 2022 ஏப்ரலில் கார் புதுப்பிப்புக் கட்டணம் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. 2025-ல் இருபது வருடம் தாண்டிய கார்களுக்கு 10,000 ஆக்கிவிட்டார்கள். பசுமை வரி தனி. ‘வின்டேஜ் வண்டி சார், விதி எல்லாம் வேற’ என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். அந்தப் பதிவுக்கு ஐம்பது வருடம் ஆகியிருக்க வேண்டும். முதன்முதலில் வந்த கான்டெஸாவுக்கே 2034 வரை பொறுக்க வேண்டும்.

மாதம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். பழைய கார் மாதச் சம்பளம் மாதிரி வாங்காது. பல மாதம் பெட்ரோலோடு போய்விட்டு, திடீரென்று ஒரே தடவையில் கேட்கும். நாலரை லட்சத்துக்கு வாங்கினால் இன்னொரு இரண்டு, இரண்டரை லட்சத்தைத் தொடாமல் ஒதுக்கி வையுங்கள். முதல் வருடத்திலேயே அதில் பாதி போய்விடும் என்பது என் கணக்கு. டயர், பிரேக், ஹோஸ், சஸ்பென்ஷன் புஷ் என்று கிளைத்துக்கொண்டே போகும். அந்தத் தொகை கையில் இல்லையென்றால் மூன்று லட்சத்துக்குத் தந்தாலும் வேண்டாம்.

ஆக்டேவியா ஆர்எஸ் நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. 1.8 டர்போ, 150 குதிரைத்திறன், 2004-ல் இங்கே வந்தபோது பிரமிப்பாக இருந்தது. ஆனால் சென்சாரும் கனெக்டரும் நிறைந்த வண்டி. உப்புக்காற்றில் ஒரு கனெக்டர் பூத்துப் போனால் எது என்று கண்டுபிடிக்கவே லாரியில் ஏற்றி மதுரைக்கோ அதற்கு அப்பாலோ போக வேண்டும். கடலோரத்துக்கு ஸ்பேனரும் ஈர்க்குச்சியும் போதுமான வண்டியே மேல்.

வீட்டில் சொல்வதில் பாதி நியாயம். கான்டெஸாவை வீட்டின் ஒரே வண்டியாக வைக்காதீர்கள். நடு ராத்திரியில் உம்மாவை ராமநாதபுரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டிய நேரத்தில் கார்புரேட்டரோடு மல்லுக்கட்ட முடியாது. அவர்கள் கேட்கிற ஆட்டோமேட்டிக் வண்டியை முதலில் வாங்குங்கள், பெரிதாக வேண்டாம். அதன்பின் மிச்சமிருக்கும் பணத்தில் கான்டெஸாவும், ஒதுக்கி வைக்கும் தொகையும் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ஒரு வருடம் தள்ளிப் போடுங்கள். நல்ல பாடி உள்ள வண்டிகள் கோயம்புத்தூர், சேலம் பக்கம் இன்னும் இருக்கின்றன. கடல் காணாத ஊர் வண்டி என்பது உங்கள் கோயம்புத்தூர் வண்டிக்குள்ள ஒரே பெரிய தகுதி. ஆனால் அது அங்கேயே இருந்த வண்டியா, இடையில் தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று கை மாறியதா என்பதை ஆர்.சி.யில் முந்தைய ஓனர்களின் முகவரி பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இப்போதைக்கு விற்பவரிடம் நாலு போட்டோ கேளுங்கள். கார்ப்பெட் தூக்கிய தரை, இரண்டு பக்கமும். ஸ்டெப்னி குழி. லிப்டில் ஏற்றி அடியிலிருந்து ஒன்று. வந்ததும் எனக்கு அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன். அதுவரை அட்வான்ஸ் எதுவும் போடாதீர்கள்.