“சோஷியல் ஒர்க்கர்” என்றால் யாருக்குக் கட்டுப்பட்டவர்? – கேள்வி பதில்

சமூகப்பணி செய்பவர்களை யார் கண்காணிக்கிறார்கள், குழந்தைகள் இல்லம் நடத்துபவரின் பொறுப்பு எதுவரை, தவறு நடந்தால் எந்தக் கதவைத் தட்டுவது? குமரி மாவட்டத்தின் பல பக்கங்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு, குழந்தைகள் பாதுகாப்புச் சட்டங்களில் பயிற்சி கொடுக்கும் மூத்த சமூகப்பணியாளர் பதில் சொல்கிறார்.

வடசேரி: அக்கா, வக்கீலுக்கு பார் கவுன்சில் இருக்கு, டாக்டருக்கு மெடிக்கல் கவுன்சில் இருக்கு. எங்க தெருவுல ஒருத்தர் “சோஷியல் ஒர்க்கர்”னு போர்டு மாட்டி குடும்பப் பிரச்சினை பேசி முடிக்கிறார், பீஸும் வாங்குறார். அவரோட லைசென்ஸை எங்க பார்க்கிறது?

பார்க்க முடியாது தம்பி. சமூகப்பணி முழுவதற்கும் என்று ஒரு கவுன்சில் நம் நாட்டில் இல்லை. எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) படித்தவரும் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளலாம், எட்டாம் வகுப்போடு நின்றவரும் போட்டுக்கொள்ளலாம். சட்டம் தொட்டிருப்பது மூன்று மூலைகளைத்தான். ஒன்று, மனநல சமூகப்பணியாளர். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, சமூகப்பணியில் முதுகலையும் அதற்கு மேல் 2 ஆண்டு முழுநேர எம்.ஃபில்.லும் இருக்க வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிய வேண்டும். இரண்டு, மாற்றுத்திறனாளிகளுக்கான மறுவாழ்வு சமூகப்பணியாளர். இவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவேட்டில் எண் இருக்க வேண்டும். மூன்று, 2021இல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம். அதன் பட்டியலில் மருத்துவ சமூகப்பணியாளரும் மனநல சமூகப்பணியாளரும் இருக்கிறார்கள்.

போர்டுக்காரர் இந்த மூன்றிலும் வராமல் இருக்கலாம். அதற்காக அவரைக் குற்றவாளி என்று சொல்லிவிட முடியாது. ஆனால் வெற்றுத்தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பட்டா, ரேஷன் கார்டு, ஆதார் அசலைக் கொடுக்காதீர்கள். கொடுத்த பணத்துக்கு ரசீது கேளுங்கள். வீட்டில் அடிதடி என்றால் அவரிடம் போகவே வேண்டாம். பெண்கள் உதவி எண் 181க்கு அழைக்கலாம், அல்லது மாவட்ட சமூக நலத்துறையின் பாதுகாப்பு அலுவலரிடம் போகலாம். இரண்டுக்கும் காசு கிடையாது.

மார்த்தாண்டம்: எங்க சபைக்காரங்க சேர்ந்து ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஒரு ஹோம் தொடங்கப் போறோம். ட்ரஸ்ட் பத்திரம் பதிஞ்சாச்சு, 80ஜி வந்தாச்சு, தர்பண் நம்பரும் கிடைச்சுது. இனி பிள்ளைகளைச் சேர்க்கலாமா?

கூடாது. ட்ரஸ்ட் பத்திரம் அமைப்புக்கு, 80ஜி நன்கொடை தருபவரின் வரிச்சலுகைக்கு, தர்பண் எண் அரசின் தொண்டு நிறுவனப் பட்டியலுக்கு. ஒரு பிள்ளையை இரவு தங்க வைக்க அவற்றில் எதுவும் அதிகாரம் தராது. 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 41ஆம் பிரிவுப்படி இல்லத்துக்குத் தனிப் பதிவு வேண்டும். “அரசுப் பணம் ஒரு பைசா வாங்கவில்லையே” என்பது பதில் ஆகாது. மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் பதிவு கட்டாயம். பதிவு 5 ஆண்டுக்குச் செல்லும். பதியாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 1 லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். விண்ணப்பத்தில் ஒவ்வொரு 30 நாள் தாமதமும் தனிக் குற்றம்.

அடுத்த தவறு எங்கே நடக்கிறது என்றும் சொல்லிவிடுகிறேன். பதிவு கிடைத்ததும் யாராவது ஒரு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து நிற்பார்கள், இரக்கப்பட்டு உள்ளே எடுத்துவிடுவார்கள். பெற்றோர் இல்லாமல் தனித்து நிற்கும் பிள்ளை என்றால் 24 மணி நேரத்துக்குள் தகவல் போயாக வேண்டும்: 1098 (குழந்தைகள் உதவி எண்), காவல் நிலையம், குழந்தைகள் நலக் குழு (பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகள் பற்றி உத்தரவிடும் மாவட்டக் குழு), மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு, இதில் ஏதாவது ஒன்றுக்கு. இல்லத்தில் வைத்துக்கொள்ள நலக் குழுவின் உத்தரவு கையில் இருக்க வேண்டும். பங்குத்தந்தை கடிதமோ, பஞ்சாயத்துத் தலைவர் கடிதமோ அந்த உத்தரவுக்கு ஈடாகாது.

பெற்றோர் இருந்து, படிப்புக்காகத் தங்க வைக்கும் விடுதி என்றால் சட்டம் வேறு. மகளிர் மற்றும் குழந்தைகளுக்கான விடுதிகள், இல்லங்களை ஒழுங்குபடுத்தும் 2014ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டத்தின் கீழ் மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் வாங்க வேண்டும்.

குளச்சல்: மேடம், நான் ஒரு இல்லத்துல வார்டன். ஒரு பிள்ளை வந்து, வேலை பார்க்கிற ஒருத்தர் தப்பா தொட்டார்னு சொல்லுது. மேல சொன்னா, “நாம உள்ளுக்குள்ள விசாரிச்சுக்கலாம், பேரு கெட்டுப்போகும்”னு சொல்றாங்க. நான் என்ன செய்யணும்?

இன்றைக்கே வெளியே சொல்லுங்கள். இதில் உங்கள் மேலாளரின் அனுமதி தேவையில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 19ஆம் பிரிவு, விஷயம் தெரிந்த ஒவ்வொருவர் மேலும் கடமையைப் போட்டிருக்கிறது. மேலே சொல்லியதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. தெரிந்தும் மறைத்தவருக்கு 6 மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். நிறுவனத்தின் பொறுப்பில் இருப்பவர், தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். இந்த வரியை அவருக்குப் படித்துக் காட்டுங்கள். பல பேருக்குத் தனக்குத்தான் அதிக தண்டனை என்பதே தெரியாது.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் அந்தப் பிள்ளையும் அந்த ஆளும் ஒரே கட்டடத்தில் இருக்கக் கூடாது. நகர வேண்டியது ஆள்தான். பிள்ளையை வேறு அறைக்கு மாற்றினால் தண்டனை தனக்கென்று நினைத்துக்கொள்ளும். பிறகு பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே எழுதுங்கள். “அந்த மாமன் எனக்க கைய பிடிச்சு இழுத்தாவ” என்று சொன்னால் அப்படியே எழுத வேண்டும். “பாலியல் சீண்டலில் ஈடுபட்டார்” என்று நீங்கள் அழகாக்கினால் நாளை நீதிமன்றத்தில் அது பிள்ளையின் பேச்சாக நிற்காது. கூடுதலாகக் கேள்வி கேட்காதீர்கள். நீங்கள் ஒருமுறை, சிஸ்டர் ஒருமுறை, செயலாளர் ஒருமுறை என்று மாறி மாறிக் கேட்டால், நாலாவது முறை பிள்ளை மாற்றிச் சொல்லும், அல்லது வாயே திறக்காது. பிள்ளையையும் அந்த ஆளையும் நேருக்கு நேர் நிறுத்திக் கேட்பது மகா தவறு.

அடுத்தது 1098 அல்லது காவல் நிலையம். அழைத்த நேரம், யார் எடுத்தார், என்ன சொன்னார் என்று குறித்துக்கொள்ளுங்கள். காவல்துறை 24 மணி நேரத்துக்குள் நலக் குழுவுக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். வாக்குமூலத்தைப் பிள்ளைக்குத் தோதான இடத்தில், சீருடை இல்லாமல், கூடியவரை உதவி ஆய்வாளர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். பிள்ளையை இரவில் ஸ்டேஷனில் வைக்கவே கூடாது.

எல்லோரும் மறந்துபோவது சிசிடிவி. பதிவுப் பெட்டி நிறைந்ததும் பழைய பதிவின் மேலேயே புதியது ஏறும். பல இடங்களில் 15 நாளிலோ ஒரு மாதத்திலோ அழிந்துவிடும். அன்றைக்கே பெட்டியை நிறுத்தி, எழுத்து மூலம் காவல்துறையிடம் ஒப்படைக்கச் சொல்லுங்கள்.

குளச்சல் (அதே வார்டன்): பொய்யா இருந்து போட்டா? வேலை போயிரும் மேடம்.

உண்மையா பொய்யா என்று கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர் மேல் சிவில் வழக்கோ கிரிமினல் வழக்கோ போட முடியாது என்று அதே 19ஆம் பிரிவு சொல்கிறது. வேலையைப் பற்றி அப்படி உறுதி சொல்ல எனக்கு மனம் வரவில்லை. புகாரின் நகலும் பணி நியமன ஆணையும் வீட்டில் இருக்கட்டும்.

தக்கலை: நான் ஓர் இல்லத்தின் இயக்குநர். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆய்வுக் குழு வந்து போகிறது, குறை எதுவும் எழுதியதில்லை. இதற்கு மேல் தலைமைப் பொறுப்பில் இருப்பவர் என்ன செய்ய வேண்டும்?

ஆய்வுக் குழு வரும் நாள் வேறு, மற்ற நாள் வேறு ஐயா. அது உங்களுக்கும் தெரியும். குறையே இல்லாத புகார்ப் பதிவேட்டைப் பார்த்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். முப்பது பிள்ளைகள் இருக்கும் இடத்தில் சாம்பாரில் உப்பில்லை என்றுகூட ஒருவரும் எழுதவில்லை என்றால், எழுதினால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஆலோசனைப் பெட்டி உங்கள் அலுவலக வாசலில் இருந்தால் அதை இன்றே கழற்றுங்கள். சாப்பாட்டுக் கூடத்துக்குப் போகும் வழியில், உங்கள் ஜன்னல் பார்வையில் படாத இடத்தில் மாட்டுங்கள். சாவி உங்களிடமும் வார்டனிடமும் வேண்டாம். வாரம் ஒருமுறை, வெளியாள் ஒருவர், பிள்ளைகள் குழுவின் முன்னால் திறக்கட்டும். வந்த சீட்டுக்கு என்ன செய்தோம் என்று அடுத்த வாரம் அவர்களிடமே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஒரு மாதத்தில் பெட்டி காலியாகிவிடும்.

ஆளெடுப்பதில் தான் பாதி பாதுகாப்பு இருக்கிறது. காவல்துறை நன்னடத்தைச் சான்று மட்டும் போதாது, தன் மேல் வழக்குப் பதிவாகாத ஆளை அது காட்டிக்கொடுக்காது. முந்தைய இடத்துக்கு நீங்களே போன் போட்டு, “மறுபடி இவரை வேலைக்கு எடுப்பீர்களா?” என்று கேளுங்கள். தயங்கினார்கள் என்றால் காரணம் கேட்காமல் வைத்துவிடாதீர்கள். உங்களிடமிருந்து ஒருவரை அனுப்பும்போதும் “சொந்தக் காரணத்துக்காக விலகினார்” என்று எழுதி அடுத்த இல்லத்துக்குத் தள்ளிவிடாதீர்கள். ஊர் ஊராக மாறிக்கொண்டே போகிறவர்களுக்குத் துணையாக இருப்பது அந்த ஒரு வரிக் கடிதம்தான்.

இன்னொன்று: உங்கள் மேலேயே புகார் வந்தால் யாரிடம் போகும்? உங்கள் கொள்கைப் புத்தகத்தில் “இயக்குநரிடம் தெரிவிக்கவும்” என்று மட்டும் இருந்தால் அது முழுமையான வழி இல்லை. 1098ஐயும் நலக் குழுவின் முகவரியையும் பிள்ளைகள் படிக்கும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.

இரணியல்: கேஸ் ஒர்க்கராச் சேர்ந்திருக்கேன். சமூக விசாரணை அறிக்கை எழுதச் சொல்றாங்க. பழைய பைலைப் பார்த்து எழுதலாமா அக்கா?

பிள்ளையின் வீட்டு நிலையை விசாரித்து நலக் குழுவுக்கு எழுதும் அறிக்கை அது. அமைப்பைப் பாரும்மா, வாக்கியத்தை எடுக்காதே. 15 நாளில் விசாரணை முடிய வேண்டும், அதை வைத்து நலக் குழு 4 மாதத்துக்குள் இறுதி உத்தரவு போடும். அவசரத்தில் “தாயின் நடத்தை சரியில்லை” என்று பழைய பைலில் இருப்பது புது பைலிலும் வந்து உட்கார்ந்துவிடும். யார் சொன்னது? பக்கத்து வீட்டுக்காரரா? அவருக்கும் இவர்களுக்கும் வேலித் தகராறு இருக்கிறதா? கேட்டாயா? இப்படி எழுது: “12ஆம் தேதி மாலை 4.30. வீட்டில் தாயும் பாட்டியும் இருந்தனர். தாய் முந்திரி ஆலையில் வேலை, நாள் கூலி என்றார். அடுப்பில் சோறு இருந்தது. பிள்ளையின் புத்தகப் பை ஆணியில் தொங்கியது.” பார்த்தது தனி, கேட்டது தனி, உன் கருத்து கடைசியில் தனி. தப்பாக எழுதிவிட்டால் ஒரே கோடு போட்டு அடித்துக் கையெழுத்திடு. வெள்ளை மை பூசினால் எதையோ மறைத்த மாதிரி ஆகிவிடும்.

தோவாளை: மகனுக்குப் பிறந்தநாள். ஒரு இல்லத்துல சாப்பாடு கொடுத்து பிள்ளைகளோட போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடலாமா?

சாப்பாடு கொடுங்கள். போட்டோ வேண்டாம். பராமரிப்பில் இருக்கும் பிள்ளையின் அடையாளம் தெரியும்படி வெளியிட்டால் இளைஞர் நீதிச் சட்டத்தின் 74ஆம் பிரிவில் 6 மாதம் வரை சிறை, அல்லது 2 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மங்கலாக்கினாலும் பள்ளிச் சீருடையும் பின்னால் தெரியும் பெயர்ப் பலகையும் காட்டிக்கொடுத்துவிடும்.

களியக்காவிளை: சேச்சி, இல்லம் பாறசாலைப் பக்கம், பிள்ளை நம்ம விளவங்கோடு தாலுகா. புகாரை எந்த ஸ்டேட்டுல கொடுக்கணும்?

எங்கே வேண்டுமானாலும். குற்றம் எந்த எல்லையில் நடந்தாலும் தகவலைப் பதிய வேண்டும் என்று 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு சொல்கிறது. “இது கேரளா கேஸ்” என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பிரிவு எண்ணைச் சொல்லுங்கள். பிள்ளையை இங்கே கொண்டுவருவது மட்டும் நலக் குழு உத்தரவோடு நடக்க வேண்டும். நீங்களே பஸ் ஏற்றிக் கூட்டி வந்தால் கடத்தல் புகார் உங்கள் மேல் வரும்.

அருமனை: எம்.எஸ்.டபிள்யூ. முடிச்சேன். இங்கிலாந்தில் சோஷியல் ஒர்க்கர் வேலைன்னு ஏஜெண்ட் பணம் கேட்கிறார். நம்பலாமா?

முதலில் அவர் சொல்வது சமூகப்பணியா, பராமரிப்பு வேலையா என்று கேளுங்கள். முதியோரைக் குளிப்பாட்டி உணவூட்டும் வேலையை “சோஷியல் கேர்” என்பார்கள். ஏஜெண்டுகள் இரண்டையும் வேண்டுமென்றே குழப்புவார்கள். அந்தப் பராமரிப்பு வேலைக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆளெடுப்பதை 2025 ஜூலை 22 முதல் பிரிட்டன் நிறுத்திவிட்டது.

சமூகப்பணியாளர் என்ற பெயர் அங்கே 2005 முதல் சட்டப் பாதுகாப்பு பெற்றது; பதியாதவர் போட்டுக்கொண்டால் குற்றம். இங்கிலாந்துக்கு மட்டும் பதிவு செய்வது சோஷியல் ஒர்க் இங்கிலாந்து என்ற அமைப்பு, 2019 டிசம்பர் 2 முதல். ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்துக்குத் தனித்தனி அமைப்புகள். பதிவுக்கு நீங்களே நேரடியாக விண்ணப்பிக்கலாம். உங்கள் பட்டத்தின் பாடத்திட்டம், களப்பணி விவரம் கேட்பார்கள். கல்லூரியில் களப்பணிக் குறிப்பேடுகளை இப்போதே சான்றொப்பமிட்டு வாங்கி வையுங்கள், பிறகு தேடினால் கிடைக்காது. பதிவை ஆண்டுதோறும் செப்டம்பர் 1 முதல் நவம்பர் 30க்குள் புதுப்பிக்க வேண்டும்.

வடசேரித் தம்பி கேட்ட கேள்விக்கு அங்கே பதில் இருக்கிறது. பெயரைத் தட்டினால் பதிவேட்டில் ஆள் இருக்கிறாரா, நிபந்தனையோடு வேலை செய்கிறாரா, இடைநீக்கத்தில் இருக்கிறாரா என்று யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். புகார் வந்தால் ஒரு சமூகப்பணியாளரும் தொழிலுக்கு வெளியே உள்ள ஒருவரும் சேர்ந்து பரிசீலிப்பார்கள். பெயரை நீக்கினால் 5 ஆண்டுக்குத் திரும்பக் கேட்க முடியாது. ஆனால் அங்கேயும் இது ஒரே நாளில் வந்ததில்லை. 2001இல் ஒரு கவுன்சில், 2012இல் அதைக் கலைத்து வேறொன்றிடம் ஒப்படைத்தார்கள், 2019இல் மூன்றாவது.

பூதப்பாண்டி: குழந்தைகள் நலக் குழு மேலேயே குறை இருந்தா?

இரண்டு வழி. குழு போட்ட உத்தரவு சரியில்லை என்றால் 30 நாளுக்குள் குழந்தைகள் நீதிமன்றத்தில் மேல்முறையீடு. வளர்ப்புப் பராமரிப்பு (பிள்ளையை வேறு குடும்பத்தில் வளர்ப்பது), நிதி ஆதரவு சம்பந்தப்பட்ட உத்தரவு என்றால் ஆட்சியரிடம். குழு நடந்துகொள்ளும் விதம் சரியில்லை என்றால், குறைகேட்கும் அதிகாரி மாவட்ட ஆட்சியர்தான். திங்கட்கிழமை மனுநாளில் கொடுக்கலாம், ஆனால் மனுவில் “இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 27இன் கீழ்” என்று எழுதுங்கள். எழுதாவிட்டால் முதியோர் உதவித்தொகை மனுக்களோடு சேர்ந்து எங்கோ போய்விடும். பிள்ளையின் பெயரை மனுவின் மேலே எழுதாமல் தனி உறையில் வைத்து ஒட்டிக் கொடுங்கள். ரசீது எண்ணை வாங்காமல் நாகர்கோவிலிலிருந்து பஸ் ஏறாதீர்கள்.