விலைவாசி ஏறும் நேரத்தில் சமாதானக் கூட்டம் எதற்கு?

கேள்வி: எங்கள் புளோக்கில் சிலர் மாதம் ஒரு மாலை யாராவது ஒருவர் வீட்டில் கூடி மியன்மார், காஸா, சூடான் போர்களைப் பற்றிப் பேசுகிறார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்கு நிதியும் சேர்க்கிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். அரிசி முதல் மின்கட்டணம் வரை எல்லாம் ஏறிக் கிடக்கிறது. என் மகன் வேலை தேடி அலைகிறான். இந்த நேரத்தில் சமாதானம் பேசுவது வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு என்றே தோன்றுகிறது. சாமானியர்கள் கூடிப் பேசி எந்தப் போர் நின்றிருக்கிறது?
– வாசகர், உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்

பதில்: உங்கள் மகனுக்குச் சீக்கிரம் வேலை கிடைக்கட்டும். மனதாரச் சொல்கிறேன். ஆனால் ‘வசதி படைத்தவர்களின் பொழுதுபோக்கு’ என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பதில் சொல்லாமல் கடந்துபோக என்னால் முடியாது.

2003-ல் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவில், மீன் சந்தையை ஒட்டிய மைதானத்தில் தினமும் வந்து உட்கார்ந்த பெண்களிடம் என்ன வசதி இருந்தது? 1989-ல் தொடங்கிய உள்நாட்டுப் போர், நடுவே சில ஆண்டுகள் ஓய்ந்து மறுபடியும் மூண்டு, அந்தச் சிறிய நாட்டில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரைக் கொன்றிருந்தது. மைதானத்துக்கு வந்தவர்களில் சந்தையில் விற்றுப் பிழைப்பவர்கள் இருந்தார்கள்; வீடிழந்து முகாம்களில் கிடந்தவர்கள் இருந்தார்கள். கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் கலந்து உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வெள்ளை உடை, தலையில் வெள்ளைத் துணி. அதிபர் சார்லஸ் டெய்லரின் வாகன வரிசை அந்தச் சாலை வழியாகத்தான் போகும். அவர் கண்ணில் படவேண்டும் என்றே அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்தார்கள். முன்னின்று நடத்தியவர் லேமா போவி. சண்டையில் இறக்கிவிடப்பட்ட சிறுவர்களின் மனக்காயத்தை ஆற்றும் வேலை பார்த்து வந்தவர் அவர்.

ஏப்ரலில் டெய்லரை நேரில் பார்த்து, பேச்சுவார்த்தைக்குப் போகச் சொன்னார்கள். பேச்சு கானாவின் அக்ராவில் தொடங்கி வாரக்கணக்கில் இழுத்தது. யாருக்கு எந்தப் பதவி என்று அங்கே பேரம் நடந்துகொண்டிருக்க, மன்ரோவியாவில் குண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஜூலையில் ஒரு நாள் இந்தப் பெண்கள் பேச்சுவார்த்தை மண்டபத்தின் வாசலில் கைகோத்து உட்கார்ந்து, ஒரு முடிவு காணாமல் ஒருவரும் வெளியே போகக்கூடாது என்றார்கள். காவலர்கள் கைது செய்ய வந்தபோது, போவி தன் உடையைத் தானே களையப்போவதாக எழுந்து நின்றார். தாயாகிய பெண் அப்படிச் செய்வது மேற்கு ஆப்பிரிக்காவில் பார்ப்பவர்மேல் விழும் பெரிய சாபம். காவலர்கள் பின்வாங்கினார்கள். ஆகஸ்டு 18 அன்று உடன்படிக்கை கையெழுத்தானது.

அந்தப் பெண்கள் மட்டுமே போரை நிறுத்திவிட்டார்கள் என்று நான் சொல்லமாட்டேன். டெய்லர்மீது பன்னாட்டு நீதிமன்றக் குற்றச்சாட்டு இருந்தது, கிளர்ச்சிப் படை தலைநகரின் வாசலில் நின்றது, மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் படைகள் வந்தன, அமெரிக்க நெருக்குதலும் இருந்தது. இவை எல்லாம் சேர்ந்துதான் கதவு திறந்தது. ஆனால் உள்ளே பதவி பேரம் பேசிக்கொண்டிருந்தவர்களை வெட்கப்படவைத்தது அந்த வாசலில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

தோற்ற கதையையும் சொல்கிறேன். அதே 2003-ல் பிப்ரவரி 15 அன்று உலகெங்கும் நூற்றுக்கணக்கான நகரங்களில் இராக் போர் வேண்டாம் என்று மக்கள் லட்சக்கணக்கில் தெருவில் இறங்கினார்கள். மார்ச் 20-ல் போர் தொடங்கிவிட்டது. எண்ணிக்கையில் அந்த ஊர்வலங்களின் பக்கத்தில் மன்ரோவியா மைதானம் நிற்காது. ஆனால் மன்ரோவியாப் பெண்கள் மறுநாளும் வந்தார்கள், அதற்கு மறுநாளும் வந்தார்கள். யாரிடம் என்ன கேட்கவேண்டும் என்பதும் இவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் பெரிதாக மதிப்பது அதைத்தான்.

விலைவாசியை ஒரு பக்கமும் போரை இன்னொரு பக்கமும் வைத்து எழுதியிருக்கிறீர்கள். நாம் உண்பதில் 90 விழுக்காட்டுக்கும் மேல் வெளியிலிருந்து வருகிறது; நம் மின்சாரம் பெரும்பாலும் இறக்குமதி எரிவாயுவிலிருந்து வருகிறது. 2022-ல் உக்ரேனில் போர் மூண்டதும் கோதுமையும் எரிபொருளும் ஏறியதை நம் வீட்டு பில்லிலேயே பார்த்தோம். 2023 கடைசியில் செங்கடலில் கப்பல்கள் தாக்கப்பட்டு, அவை ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரத் தொடங்கின. அடுத்த ஆண்டு நம் துறைமுகத்திலேயே கப்பல்கள் இடம் கிடைக்காமல் காத்து நின்றன. உங்கள் மாதச் செலவில் அந்தப் போர்களுக்கும் ஒரு பங்கு போகிறது.

பஞ்ச காலத்தில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுவார்கள் என்ற எண்ணமும் உங்கள் கடிதத்துக்குள் ஒளிந்திருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அப்படி நடப்பதுண்டு. ஆனால் 2022 இலங்கையை நினைத்துப் பாருங்கள். எரிவாயு உருளைக்கும் பெட்ரோலுக்கும் நாள்கணக்கில் வரிசை. நாடே கடனைக் கட்டமுடியாது என்று கைவிரித்திருந்தது. அந்த மே 18 அன்று, கொழும்பு காலிமுகத்திடல் போராட்டக் களத்தில், முள்ளிவாய்க்காலில் மாண்டவர்களுக்கு விளக்கேற்றிக் கஞ்சி கொடுத்தார்கள். 2009-ல் குண்டுமழைக்கு நடுவே நம் சனங்கள் உயிரைப் பிடித்து வைத்திருந்த அதே கஞ்சி. அதைக் கையில் வாங்கிக் குடித்தவர்களில் சிங்களவர்கள் இருந்தார்கள். பதின்மூன்று ஆண்டுகளாகத் தலைநகரில் அப்படிப் பொதுவெளியில் நினைக்க முடியாதிருந்ததை, அரிசிக்கும் எண்ணெய்க்கும் திண்டாடியவர்கள் செய்தார்கள். ‘உங்கள் அடுப்பு அணைந்தபிறகுதானே எங்கள் வலி தெரிந்தது’ என்ற கோபம் வடக்கில் இருந்தது. அது நியாயமான கோபம். அந்த ஆண்டு ஜூலையில் இலங்கை அதிபர் கோத்தபாய ராஜபக்ச நம் ஊருக்கு வந்திறங்கி இங்கிருந்தே பதவி விலகல் கடிதம் அனுப்பினார். ஆனாலும் 2024 மே மாதத்தில் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் அதே கஞ்சியைக் காய்ச்சிக் கொடுத்த பெண்களைப் போலீஸ் கைது செய்தது. ஒரு சிரட்டைக் கஞ்சியை அரசு அப்படி அஞ்சுகிறது என்றால், அது பொழுதுபோக்கு வேலையாக இருக்குமா?

இந்த ஊரும் இதை அறியாததில்லை. 1964-ல் இந்தோனேசியாவுடன் மோதல், வணிகம் முடக்கம், வேலையில்லாத் திண்டாட்டம். அதற்கு நடுவில்தான் ஜூலை இனக் கலவரத்தில் 23 பேர் இறந்தார்கள். அப்போது தொகுதிதோறும் எல்லா இனத்தவரும் சேர்ந்து நல்லெண்ணக் குழுக்கள் அமைத்தார்கள். செப்டம்பரில் மறுபடியும் கலவரம் மூண்டு 13 பேர் மாண்டார்கள். அதனால் அந்தக் குழுக்களே வீண் என்று யாராவது சொன்னால் நான் ஒப்பமாட்டேன்.

இங்கிருந்து நாம் என்ன செய்துவிட முடியும் என்று நீங்கள் அடுத்துக் கேட்பீர்கள். தெருவில் இறங்குவது இங்கே எளிதில்லை. பொது ஒழுங்குச் சட்டப்படி, ஒற்றை ஆள் ஒரு கோரிக்கைக்காகப் பதாகை பிடித்து நின்றாலும் அனுமதி வேண்டும். ஆனால் மியன்மாரைப் பாருங்கள். 2021 ராணுவப் புரட்சிக்குப் பின், அந்நாட்டு ஆர்வலர்கள் சிலர் எந்தெந்த நிறுவனம் ராணுவத்துக்குச் சரக்கு அனுப்புகிறது என்று பதிவேடுகளைத் தோண்டித் தோண்டிப் பெயர்களை வெளியிட்டு வந்தார்கள். 2023 மே மாதம் ஐநா சிறப்பு அறிக்கையாளர் டாம் ஆண்ட்ரூஸ், புரட்சிக்குப் பின் 25 கோடியே 40 லட்சம் அமெரிக்க டாலர் பெறுமான ஆயுதம், உதிரி பாகம் முதலியவை சிங்கப்பூரில் இயங்கும் நிறுவனங்கள் வழியாகப் போயிருப்பதாக எழுதினார். அரசு அதற்கு ஒப்புதல் கொடுத்ததாக அறிகுறி இல்லை என்றும் அவரே எழுதினார். அரசு விசாரணையில் இறங்கியது. அடுத்த ஆண்டு அவர் கொடுத்த கணக்கின்படி, ஓராண்டில் 11 கோடி டாலருக்கு மேல் போய்க்கொண்டிருந்தது சுமார் ஒரு கோடியாகச் சரிந்திருந்தது. ஒரு பகுதி தாய்லாந்துப் பக்கம் திரும்பிக்கொண்டது என்பது வேதனை. ஆனாலும் அந்த ஆண்டு அவ்வளவு சரக்கு இங்கிருந்து போகவில்லை. முதலில் பதிவேட்டைப் புரட்டியவர்கள் அமைச்சர்களோ தளபதிகளோ இல்லை.

அதே மியன்மாரிலிருந்து வந்த பெண்கள் நம் வீடுகளில் சமைக்கிறார்கள், நம் பெற்றோரைக் குளிப்பாட்டுகிறார்கள். 2024 பிப்ரவரியில் அங்கே கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் நடப்புக்கு வந்தது. தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தோடு ஒருத்தி உங்கள் புளோக்கிலேயே இரவில் போனைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

கூட்டத்துக்குப் போங்கள். வெளிநாட்டு நற்பணிக்குப் பொதுமக்களிடம் நிதி திரட்ட அறநிறுவன ஆணையரின் அனுமதி வேண்டும். அது இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இல்லையென்றால், செஞ்சிலுவைச் சங்கம் போன்ற அமைப்பு திரட்டும் நிதிக்கு அவரவரே நேரடியாகக் கொடுத்துவிடலாம் என்று சொல்லுங்கள். கையில் பணம் இல்லாத மாதத்தில் கொடுக்கவேண்டாம். யாரும் குறை சொல்லமாட்டார்கள். அதோடு, கூட்டத்தை வாரநாள் மாலையில் வைத்திருந்தால் ஞாயிறு பகலுக்கு மாற்றச் சொல்லுங்கள். பணிப்பெண்களில் பலருக்கு அன்றுதான் ஓய்வு நாள். விருப்பமுள்ளவர்கள் வந்து தங்கள் ஊர் நிலவரத்தைத் தாங்களே சொல்லலாம்.