எந்த வயதில் வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கிளம்பலாம்?

உங்களுக்கு வயது 54. மத்திய அரசு வேலை, பழைய ஓய்வூதியத் திட்டம். பெண் கல்லூரியில் படிக்கிறாள். இப்போதே விருப்ப ஓய்வு எழுதிக் கொடுத்துவிட்டு மனைவியோடு காரில் இந்தியா முழுக்கச் சுற்றலாமா, இல்லை 60 வரை பல்லைக் கடித்துக்கொண்டு இருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

என்னைக் கேட்டால் 54-ல் வேண்டாம். 60 வரையும் இழுக்க வேண்டாம். பெண்ணின் படிப்பு முடிந்து, நீங்கள் 57-ஐத் தொடும்போது கடிதம் கொடுங்கள். இதில் பணக் கணக்கு பாதிதான், மீதிப் பாதியைத்தான் யாரும் போட்டுப் பார்ப்பதில்லை.

நான் தொலைத்தொடர்பு ஆள். 2019 கடைசியில் பி.எஸ்.என்.எல். விருப்ப ஓய்வுத் திட்டம் அறிவித்தபோது 50 வயது தாண்டிய எல்லோருக்கும் வாய்ப்பு இருந்தது. 2020 ஜனவரி 31 அன்று ஒரே நாளில் 78 ஆயிரம் பேருக்கு மேல் வெளியே வந்தோம், எனக்கு அப்போது 57. மார்ச்சில் ஊரடங்கு வந்துவிட்டது. புதிதாக வாங்கிய ஏழு சீட் வண்டி போர்ட்டிகோவிலேயே நின்றது. வாரம் ஒருமுறை பேட்டரிக்காக ஸ்டார்ட் செய்து அணைப்பேன், அவ்வளவுதான் என் பயணம். அது போகட்டும், ஊருக்கே வந்த கஷ்டம். ஊரடங்கு முடிந்த பிறகும் எங்களால் கிளம்ப முடியவில்லை என்பதுதான் உங்களுக்குத் தேவையான செய்தி. மனைவி பள்ளி ஆசிரியை, அவளுக்கு ஓய்வு 2024-ல். சம்பளம் நின்ற தேதிக்கும் வண்டி நிஜமாகக் கிளம்பிய தேதிக்கும் நடுவே நான்கு வருடத்துக்கு மேல். ஆகவே இரண்டையும் ஒரே தேதி என்று நினைத்துத் திட்டம் போடாதீர்கள்.

முதலில் பணத்தைப் பார்த்துவிடுவோம். பழைய திட்டத்தில் 20 வருட சேவை முடித்தவர் மூன்று மாத நோட்டீஸ் கொடுத்துவிட்டு வெளியே வரலாம், கடைசி அடிப்படைச் சம்பளத்தில் பாதி ஓய்வூதியம். வருடாந்திர உயர்வு 3 சதவீதம். இன்று அடிப்படைச் சம்பளம் 70,000 என்றால் இப்போது வந்தால் 35,000, பதவி உயர்வே இல்லாமல் 60 வரை இருந்தால் கிட்டத்தட்ட 41,800, இரண்டுக்கும் மேல் அகவிலைப்படி தனி. 57-ல் வந்தால் 38,200 போல வரும். ஊதியக் குழு வந்தால் எண்கள் மாறும், ஆனாலும் மூன்று வருடம் முன்னால் வருவதால் ஓய்வூதியத்தில் விழும் ஓட்டை எட்டு, ஒன்பது சதவீதம்தான். அந்த மூன்று வருடச் சம்பளம் போவது பெரிய தொகை, இல்லை என்று சொல்லவில்லை. வீட்டுக் கடன் முடிந்திருந்தால் தாங்கலாம்.

54-ல் வேண்டாம் என்பதற்குப் பெண்ணின் படிப்பு தவிர இன்னொரு காரணமும் உண்டு. தபால் அலுவலகத்தில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறதே, 2023 ஏப்ரலிலிருந்து 30 லட்சம் வரை போடலாம், வட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை கைக்கு வரும். 60 ஆகாதவர்களில், 55 முடிந்து விருப்ப ஓய்வில் வந்தவர்களுக்கு அதில் இடம் உண்டு, ஓய்வுப் பணம் வந்த மூன்று மாதத்துக்குள் போட்டுவிட வேண்டும். 54-ல் வந்தால் பெரும்பாலும் 60 வரை அந்தக் கதவு திறக்காது. ஊர் சுற்றுகிறவனுக்குப் பங்குச் சந்தை விளையாட்டைவிட இந்த மாதிரி மந்தமான பணம்தான் நிம்மதி.

அப்புறம் ஒரு ஆசை வரும். ஓய்வூதியத்தில் 40 சதவீதம் வரை கம்யூட் செய்து, அதாவது மாதாமாதம் வருவதை விட்டுக்கொடுத்து முன்கூட்டியே மொத்தமாக வாங்கி, கேரவன் மாதிரி ஒரு வண்டி கட்டிவிடலாமே என்று. கம்யூட் செய்த பகுதி மறுபடி கைக்கு வர 15 வருடம் ஆகும், அதற்குள் கேரவன் பழைய இரும்பு. யூடியூபில் அமெரிக்கக்காரர்கள் வீடு மாதிரி வண்டியை ஓட்டிப் போய் நிறுத்துகிற இடத்தில் மின்சாரமும் தண்ணீரும் கழிவுக் குழாயும் தயாராக இருக்கிறது. நம் நாட்டில் அந்த ஏற்பாடு இப்போதுதான் முளைவிடுகிறது. கேரளம் 2021-ல் கேரவன் சுற்றுலாக் கொள்கை கொண்டுவந்தது, வாகமனில் ஒரு கேரவன் பூங்கா வந்தது. வேனை வாங்கி நாமே உள்ளே கட்டில், அடுப்பு எல்லாம் பொருத்தினால் ஆர்.சி.யில் இருக்கும் விவரமும் வண்டியும் ஒத்துப்போகாமல் போகும், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. ஆர்.டி.ஓ. அனுமதியில்லாமல் செய்தால் விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ்காரர் அதைத்தான் முதலில் பிடிப்பார். எங்களுக்குச் சாதாரணக் கார், இரவுக்கு அறை, அதுவே போதுமாக இருக்கிறது.

கேரவன் வாங்காததற்கு இன்னொரு காரணம் என் மனைவி. வண்டிக்குள் ஒரு சின்ன அடுப்பு வைத்தால் செலவு குறையும் என்று நான் ஒரு நாள் கணக்குச் சொன்னேன். "ஏங்க, முப்பத்தஞ்சு வருஷம் நின்னு சமைச்சாச்சு. இனி குனிஞ்சு வேற சமைக்கணுமா? அப்படின்னா நீங்க மட்டும் போய்ட்டு வாங்க" என்றாள். வீட்டை விட்டு வெளியே வருவது ஆண்களுக்கு விடுதலை மாதிரி இருக்கிறது. நாமே ஏதாவது மாற்றாவிட்டால் பெண்களுக்கு அதே சமையல், இன்னும் சின்ன இடத்தில். அவள் போட்ட நிபந்தனைகள்: சுத்தமான கழிவறை உள்ள அறை, காலைக் காபிக்கு மட்டும் ஒரு கெட்டில், துணி லாண்டரிக்கு, ஒரே ஊரில் குறைந்தது மூன்று இரவு, ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை வீடு. எல்லாம் நியாயமாகத்தான் பட்டது. நீங்கள் எழுதியதில் "மனைவியோடு" என்று ஒரு இடத்தில் வருகிறது, அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. விருப்ப ஓய்வு விண்ணப்பத்தைத் தொடும் முன்னால் அதைக் கேளுங்கள். வெறும் "போகலாமா" என்று கேட்காதீர்கள், "எப்படிப் போனால் உனக்குப் பிடிக்கும்" என்று கேளுங்கள்.

முடிந்தால் அவரும் கார் ஓட்டக் கற்றுக்கொள்ளட்டும். நெடுஞ்சாலையில் உங்களுக்குத் தலை சுற்றினால் யார் ஓட்டுவது? என் மனைவி ஐம்பதைத் தாண்டித்தான் கற்றாள். இப்போது காலியான நால்வழிச் சாலையில் என்னைவிட நிதானமாக ஓட்டுகிறாள், ஊருக்குள் வந்ததும் சாவி என்னிடம்.

உடம்புக் கணக்குதான் 60 வரை பொறுக்க வேண்டாம் என்று என்னைச் சொல்ல வைக்கிறது. ஓட்டுகிறவனுக்கு முதலில் மக்கர் செய்வது கண். எதிரே வரும் லாரி விளக்கு பூப்பூவாகச் சிதற ஆரம்பித்ததும் கண்புரை என்றார் டாக்டர். அதிலிருந்து நாங்கள் பொழுது சாய்ந்த பிறகு வண்டி எடுப்பதில்லை. ஒரு நாளைக்கு 250 கிலோமீட்டர் உச்சவரம்பு. சட்டமும் இதைக் கவனித்திருக்கிறது: 50-க்கும் 55-க்கும் இடையே உரிமம் புதுப்பித்தால் 60 வரை செல்லும், 55-க்கு மேல் போனால் ஐந்தைந்து வருடம்தான், ஒவ்வொரு முறையும் மருத்துவச் சான்று வேண்டும். உங்களுடையது எப்போது முடிகிறது என்று இன்றே எடுத்துப் பாருங்கள்.

உயரமான இடங்களுக்கும் வயது உண்டு. லடாக்கின் லே நகரம் 11,500 அடியில் இருக்கிறது. கடல் மட்டத்தில் ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஆக்சிஜனில் மூன்றில் இரண்டு பங்குதான் அங்கே. போய்ச் சேர்ந்ததும் இரண்டு நாள் சும்மா படுத்திருக்க வேண்டும். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் இருக்கிறவர்கள் மருத்துவரைக் கேட்காமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கேதார்நாத்துக்குக் கௌரிகுண்டிலிருந்து ஏறக்குறைய 16 கிலோமீட்டர் மலையேற்றம். எங்கள் ஆட்கள் காசியையும் கேதாரையும் கடைசிக்கு என்று ஒதுக்கி வைக்கிறார்கள். காசிக்கு எழுபதிலும் போகலாம், நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரத்தில் இடம் கிடைத்தால் நம் ஊர்ச் சாப்பாடே சாப்பிடலாம். கேதார் அப்படியில்லை. லடாக், இமாச்சலத்து ஸ்பிதி, கேதார், அருணாச்சலப் பிரதேசம் எல்லாவற்றையும் முதல் மூன்று, நான்கு வருடத்தில் முடித்துவிடுங்கள். சமவெளியும் கடற்கரையும் கோயில்களும் காத்திருக்கும். 57 என்று நான் சொன்னதன் காரணம் இதுதான்: மலைக்கு ஏற்ற வருடங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து எவ்வளவு மிச்சம் என்று எண்ணிப் பாருங்கள்.

சில சில்லறை விஷயங்கள். ஆயுள் சான்றுக்காக ஊருக்கு ஓடி வர வேண்டியதில்லை. 2021 நவம்பரிலிருந்து போனிலேயே முகத்தைக் காட்டி அனுப்பலாம். லாட்ஜ் அறையில் உட்கார்ந்து, உயிரோடுதான் இருக்கிறேன் என்று அரசாங்கத்துக்குக் கண் சிமிட்டியிருக்கிறேன். மத்திய அரசு ஊழியர்களுக்கான மருத்துவத் திட்டத்தின் (சி.ஜி.எச்.எஸ்.) அட்டை இருந்தால் வேறு நகரத்து நல மையத்திலும் பார்க்கலாம். மாத்திரையை மட்டும் மூன்று மாதத்துக்குச் சேர்த்து வாங்கிக்கொள்ளுங்கள், வடக்கே அதே கம்பெனி கிடைக்காமல் அலைவீர்கள். சுங்கச்சாவடிக்கு 2025 ஆகஸ்ட் 15 அன்று 3,000 ரூபாய் வருடப் பாஸ் அறிமுகமானது, 200 முறை கடக்கலாம். தேசிய நெடுஞ்சாலைக்கு மட்டும்தான் அது, மாநிலச் சாலைகளில் தனியாகக் கட்ட வேண்டும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், வண்டி 15 கிலோமீட்டர் கொடுக்கும் என்று வைத்தால் கிலோமீட்டருக்கு ஏழு ரூபாய். தினமும் ஓட்டாமல் மூன்று இரவு தங்கினால் எரிபொருள் செலவு பயமுறுத்தாது, அறை வாடகைதான் பெரிது.

நம்மை நிஜமாகக் கட்டிப்போடுவது கல்யாணப் பத்திரிகைகள். ஓய்வு பெற்றவன் என்றால் "உனக்கென்னப்பா வேலை" என்று எல்லா விசேஷத்துக்கும் முதல் ஆளாக நிற்கச் சொல்வார்கள். வளைகாப்பு, காதுகுத்து, அறுபதாம் கல்யாணம், அப்பா அம்மா திதி. நாங்கள் திதிகளையும் பொங்கலையும் மட்டும் விடுவதில்லை, மற்றதற்கு ஜிபேயில் மொய். கோபித்துக்கொண்டவர்கள் உண்டு. வயதான பெற்றோர் இருந்தால் கதை வேறு. என் மாமியார் எங்களோடுதான் இருந்தார், அவர் இருந்தவரை நாங்கள் மதுரையைத் தாண்டவில்லை, அதில் எங்களுக்கு வருத்தமும் இல்லை. உங்கள் வீட்டில் அப்படி யாராவது இருக்கிறார்களா என்று நீங்கள் எழுதவில்லை. இருந்தால் நான் மேலே சொன்ன 57-ஐ அடித்துவிடுங்கள்.

கொச்சியில் டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிப் படித்திருப்பீர்கள். கடை வருமானத்தில் தினமும் கொஞ்சம் எடுத்து வைத்தும் கடன் வாங்கியும் 25-க்கும் மேற்பட்ட நாடுகள் போனார்கள். திரும்பி வந்து டீ ஆற்றிக் கடனை அடைத்துவிட்டு அடுத்த நாடு. 2021 நவம்பரில் விஜயன் காலமானார், அதற்கு முந்தைய மாதம்தான் ரஷ்யா போய்விட்டு வந்திருந்தார்கள். அவர்கள் ஓய்வு என்று ஒன்றை எடுத்துக்கொள்ளவே இல்லை.

அதனால் உங்களுக்கு ஒரு வழி. வருடத்துக்கு 30 நாள் ஈட்டிய விடுப்பு வருகிறது. ஓய்வின்போது காசாக்க முடிவது 300 நாள்தான், இந்த வயதில் பெரும்பாலானவர்களுக்கு அது நிரம்பியிருக்கும், அதற்கு மேல் சேர்வது வீணாகப் போகிறது. அப்படிப் போகிற ஒரு மாதத்தை ஒவ்வொரு வருடமும் எடுங்கள். சம்பளமும் வரும், ஓய்வூதியமும் குறையாது. (விடுப்புப் பயணச் சலுகையான எல்.டி.சி.யில் சொந்தக் காருக்குப் பணம் தரமாட்டார்கள், அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.) முதல் தடவைக்கு பிப்ரவரி நல்ல மாதம்: ஹம்பி, பாதாமி, பட்டடக்கல், பிஜப்பூர், எல்லோரா, திரும்பி வரும் வழியில் ஹைதராபாத். மலை இல்லை, பனிமூட்டம் இல்லை, சாலைகளும் பரவாயில்லை. இரண்டாம் வாரத்தில் உங்கள் மனைவி வீட்டை நினைத்து ஏங்குகிறாரா, நீங்கள் ஆபீஸ் வாட்ஸப் குழுவைத் திறந்து திறந்து பார்க்கிறீர்களா என்று கவனியுங்கள். மேலதிகாரி ஒரு மாதம் சேர்த்துத் தர முனகுவார், டிசம்பரிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.