நாலாயிரம் ரூபாயும் வீடு தேடி வந்த மாத்திரையும்

கொரோனாவின்போதும் அதற்குப் பிறகும் தமிழ்நாடு அரசு கொடுத்த பணம், தொடங்கிய திட்டங்கள் பற்றிக் கேட்டிருந்தீர்கள். வட்ட வழங்கல் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

சார், 2021-ல் கொடுத்த 4,000 ரூபாயை வங்கியில் போட்டிருக்கலாமே? தொற்று நேரத்தில் ரேஷன் கடையில் ஏன் வரிசை?

நியாயமான கேள்விதான். ஆனால் அன்றைக்கு அரசின் கையில் தயாராக இருந்த முழுப் பட்டியல் ரேஷன் கார்டு ஒன்றுதான். அரிசி கார்டு மட்டும் 2 கோடிக்கு மேல். யார் ஏழை என்று புதிதாகக் கணக்கெடுக்க உட்கார்ந்திருந்தால் கொரோனா அலையே ஓய்ந்திருக்கும். மே, ஜூன் என இரண்டு தவணை, தலா 2,000. கூட்டம் சேராமல் இருக்க தேதியும் நேரமும் போட்டு டோக்கன் கொடுத்தோம்.

அப்படியும் ஒரு பாட்டி டோக்கனை மருந்துக்கடை கவரில் சுருட்டி வைத்துக்கொண்டு இரண்டு நாள் முன்னதாகவே வந்து நின்றார். "உங்க தேதி நாளன்னைக்கு பாட்டி" என்றேன். "அதுக்குள்ள பணம் தீந்துட்டா?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

கார்டே இல்லாதவர்கள்?

விட்டுப்போனார்கள். கட்டட வேலைக்கு வந்த வெளிமாநிலத்தவர், கார்டு ஊரில் இருக்க இங்கே வாடகைக்கு இருந்தவர்கள். ஒரே நாடு ஒரே ரேஷனில் வெளிமாநிலத்தவருக்கு தானியம் கிடைக்கும். மாநில அரசின் பணம் கிடைக்காது.

மக்களைத் தேடி மருத்துவம் எல்லாம் விளம்பரம்தானே அண்ணா? அந்தப் பணத்தைக் கையில் கொடுத்தால் போதாதா?

போதாது தம்பி. அந்தத் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது. ஊரடங்கில் சுகர், பிரஷர் மாத்திரை விட்டுப்போனவர்கள் ஏராளம். கூலி வேலைக்குப் போகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை வாங்கப் போனால் அரை நாள் கூலி போச்சு. இப்போது மகளிர் சுயஉதவிக்குழுப் பெண் ஒருவர் வீட்டுக்கே வந்து பிரஷர் பார்த்து மாத்திரையைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த அரை நாள் கூலி மிச்சமானதும் வருமானம்தானே? 2021 மே மாதம் வந்த பெண்களுக்கான கட்டணமில்லா டவுன் பஸ்ஸும் இதே கணக்குதான். 2,000 ரூபாய் பத்து நாளில் கரைந்துவிடும், பஸ் தினமும் வரும்.

எனக்கு உள்ள குறை, வீடு வீடாக நடக்கும் அந்தப் பெண்களுக்குக் கிடைப்பது ஊக்கத்தொகை, சம்பளம் இல்லை.

கடன் வாங்கித்தானே கொடுத்தார்கள்?

வரவு சுருங்கிய நேரம், வேறு எப்படிக் கொடுப்பது? அப்போதைய நிதியமைச்சர் பழனிவேல் தியாகராஜன் மாநில நிதிநிலை பற்றி 2021 ஆகஸ்டில் வெளியிட்ட வெள்ளை அறிக்கையில், அரசின் கடனைப் பங்கிட்டால் குடும்பத்துக்கு 2,63,976 ரூபாய் என்று கணக்கு காட்டினார். ஆனால் அதில் பெரும்பங்கு பல ஆண்டுகளாகச் சேர்ந்தது, அந்த 4,000-த்தால் வந்ததல்ல.

2023-ல் மகளிர் உரிமைத்தொகைக்கு விண்ணப்பித்தேன். மின்சாரத்தைக் காட்டி நிராகரித்துவிட்டார்கள். எங்கள் வீட்டில் ஏசிகூட இல்லை சார்.

ஆண்டுக்கு 3,600 யூனிட் வரம்பு, அதாவது மாதம் 300. அண்ணன் தம்பி இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் ஏசி இல்லாமலேயே தாண்டிவிடும், அம்மா. உங்கள் வீட்டு மீட்டரில் எத்தனை ரேஷன் கார்டு என்று சொல்லுங்கள்.