‘பிரைமரி’ ஐடி 1,200 ரூபாய்தானாம், வாங்கலாமா?

கேள்வி: டெலிகிராம் குரூப்பில் 4,999 ரூபாய் பிஎஸ்5 (பிளேஸ்டேஷன் 5) கேமை ‘பிரைமரி’ 1,200, ‘செகண்டரி’ 800 என்று விற்கிறார்கள். நண்பர்கள் வாங்கி ஆடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். நானும் வாங்கலாமா? (ஈரோடு வாசகர்)

பதில்: வேண்டாம். அவர்கள் விற்பது கேமை அல்ல, வேறொருவர் பெயரில் இருக்கும் கணக்கின் சாவியை.

விற்பவர் ஒரு பிஎஸ்என் (பிளேஸ்டேஷனின் ஆன்லைன் சேவை) கணக்கில் கேமை ஒருமுறை வாங்குகிறார். அந்தக் கணக்கை உங்கள் பிஎஸ்5-இல் லாகின் செய்ய வைத்து, செட்டிங்ஸில் யூசர்ஸ் அண்ட் அக்கவுன்ட்ஸ், அதர், கன்சோல் ஷேரிங் அண்ட் ஆஃப்லைன் பிளே என்று போய் எனேபிள் செய்யச் சொல்வார். இதுதான் ‘பிரைமரி’. அதன்பிறகு உங்கள் சொந்தக் கணக்கிலிருந்தே கேம் ஓடும், டிராஃபியும் (கேமில் சாதித்ததற்கான பதக்கம்) உங்கள் பெயரில் விழும். ‘செகண்டரி’ வாங்கியவருக்கு இந்த வசதி கிடையாது. அவர் அந்தக் கணக்கில் லாகின் ஆகி, இணையத்தோடு இருந்தால்தான் கேம் திறக்கும். நெட் போனால் கேம் மேல் பூட்டுப் படம் விழுந்துவிடும். வீட்டில் கரன்ட் வந்தும் ரூட்டர் எழுந்திருக்காத அந்தப் பத்து நிமிடத்தில் இது நன்றாகப் புரியும்.

சிக்கல் மூன்று வழியில் வரும். ஒன்று, கணக்கின் உரிமையாளர் பிரவுசரிலிருந்தே எல்லாக் கன்சோல்களையும் துண்டிக்கலாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த வாய்ப்பு உண்டு. துண்டித்துவிட்டு இன்னொருவருக்கு விற்பார். இரண்டு, நீங்களே கன்சோலை ஃபார்மட் செய்தாலோ போர்டு மாற்றினாலோ மறுபடி லாகின் செய்ய வேண்டும். பாஸ்வேர்டு அதற்குள் மாறியிருக்கும், குரூப்பும் காணாமல் போயிருக்கும். மூன்று, கணக்கை விற்பதே பிளேஸ்டேஷன் விதிகளுக்கு எதிரானது. அதை முடக்கினால் நீங்கள் கேட்க வழியில்லை, ஏனென்றால் அந்தக் கணக்கில் நீங்கள் யாருமே இல்லை. பணமும் ஒரு தனிநபரின் யுபிஐ எண்ணுக்குப் போயிருக்கும், கையில் பில் இருக்காது.

காசு மிச்சம்தான் குறி என்றால் டிஸ்க் வாங்குங்கள். 4,999-க்கு வாங்கி, முடித்த சூட்டோடு 3,500-க்கு விற்றால் உங்களுக்கு ஆன செலவு 1,499. பழைய டிஸ்காகவே வாங்கி விற்றால் இன்னும் குறையும். டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவர் ஆடலாம், பாஸ்வேர்டு கேட்காது. ஒன்றை மட்டும் பாருங்கள்: பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க் எந்த நாட்டினதாக இருந்தாலும் ஓடும், ஆனால் அதற்கான கூடுதல் பாகங்களை ஸ்டோரில் வாங்கும்போது டிஸ்க்கின் ரீஜனும் கணக்கின் ரீஜனும் ஒத்துப்போக வேண்டும். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த டிஸ்கில் டிஎல்சி (கூடுதல் பாகம்) ஏறாமல் போவது இதனால்தான்.

கேள்வி: பழைய பிஎஸ்4 ஒன்று, ‘40 கேம் போட்டுத் தருகிறோம்’ என்று கடையில் சொல்கிறார்கள். வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? (திருநெல்வேலி வாசகர்)

பதில்: 40 கேம் போட்டுக் கொடுத்தால் அது பெரும்பாலும் ஜெயில்பிரேக் செய்த, அதாவது கம்பெனிப் பூட்டை உடைத்த பெட்டி. செட்டிங்ஸில் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் திறந்து பதிப்பு எண்ணைப் பாருங்கள். 9.00, 11.00 போன்ற பழைய எண்ணில் நிற்கும். ‘வைஃபை போடாதீங்க, அப்டேட் பண்ணாதீங்க’ என்று சொல்லித்தான் தருவார்கள். அப்டேட் செய்தால் அந்த 40-உம் போகும். செய்யாமல் பிஎஸ்என் பக்கம் போனால் கன்சோலையே தடை செய்துவிடலாம். ஆன்லைனில் நண்பர்களோடு ஆடுவதை மறந்துவிட வேண்டியதுதான். தவிர அவை திருட்டுப் பிரதிகள்.

அப்டேட் ஆன, சுத்தமான பெட்டியைக் கேளுங்கள். போகும்போது ஒரு பிஎஸ்4 டிஸ்க், ஒரு எச்டிஎம்ஐ கேபிள், ஒரு டார்ச், ஹாட்ஸ்பாட் போட ஃபோன், இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். அரை மணி நேரம் கேட்டு வாங்குங்கள். தர மறுத்தால் அதுவே பதில்.

முதலில் எச்டிஎம்ஐ துளைக்குள் டார்ச் அடியுங்கள். பின்கள் ஒரே வரிசையில் இருக்க வேண்டும், ஒன்று வளைந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். கேபிள் செருகிய பிறகு மெல்ல அசைத்தால் படம் போய்ப் போய் வருகிறதா பாருங்கள். ஹாட்ஸ்பாட் போட்டு உங்கள் சொந்த பிஎஸ்என் கணக்கில் லாகின் செய்யுங்கள், தடை செய்யப்பட்ட பெட்டி என்றால் அங்கேயே தெரிந்துவிடும். டிஸ்கை மூன்று முறை போட்டு எடுங்கள். ஆரம்பகால ‘ஃபேட்’ மாடல்களில் ஒரு வினோத நோய் உண்டு: தொடாமலே பீப் அடித்து டிஸ்கைத் துப்பும். எஜெக்ட் பட்டனுக்கு நேர்க் கீழே உள்ள ரப்பர் கால் உப்பி மேலே தள்ளுவதும் அதற்கு ஒரு காரணம். அது மட்டும்தான் குறை என்றால் விலையைக் குறைத்து வாங்கலாம், சரிசெய்யக்கூடியது.

கடைசியில் கிராஃபிக்ஸ் கனமான கேம் ஒன்றை 20 நிமிடம் ஓட விடுங்கள். ஃபேன் விமானம் ஏறுவதுபோல் கத்தினால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது, தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கிறது. சர்வீஸ் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். நடுவில் தானாக அணைந்தால் பேச்சே வேண்டாம். பெட்டியின் பின்புற சீரியல் எண்ணும் அட்டைப்பெட்டி எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அந்த எண்ணை எழுதியே பில் வாங்குங்கள்.

கேள்வி: கேமிங் சேனல் ஆரம்பிக்கப் போகிறேன். ‘4கே கேப்சர் கார்டு’ என்று ஆன்லைனில் ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கிறது, பிராண்டட் அதைப்போலப் பல மடங்கு. என்ன வித்தியாசம்? (மதுரை வாசகர்)

பதில்: கேப்சர் கார்டு என்பது கன்சோலின் படத்தைக் கணினியில் பதிய உதவும் கருவி. பெட்டியில் எழுதியிருக்கும் 4கே, உள்ளே வாங்கிக்கொள்ளும் படத்தின் அளவு. கணினிக்கு அனுப்புவது பெரும்பாலும் 1080பி, நொடிக்கு 30 ஃபிரேம். காரணம் எளிய கணக்கு. 1080பி 60 ஃபிரேம் படத்தைச் சுருக்காமல் அனுப்ப நொடிக்கு ஏறக்குறைய 2 ஜிகாபிட் வேண்டும். யுஎஸ்பி 2.0 தருவது அதிகபட்சம் 480 மெகாபிட். அதனால் படத்தை எம்ஜேபெக் என்ற சுருக்க முறையில் நசுக்கி அனுப்புகிறது. ஓடும்போது புல்லும் சிறு எழுத்தும் குழைந்துபோவது அதனால்தான். யுஎஸ்பி முனை நீல நிறமாக இருந்தால் 3.0 என்று நம்பிவிடாதீர்கள். நீலப் பிளாஸ்டிக் போட்டு உள்ளே 2.0 வைத்தவையும் விற்பனையில் உண்டு. ஓபிஎஸ் என்ற பதிவு மென்பொருளில் அந்தக் கருவியைச் சேர்த்து, 1080பி 60-இல் எம்ஜேபெக் தவிர வேறு ஃபார்மட் காட்டுகிறதா பாருங்கள். காட்டாவிட்டால் 2.0 தான். திருப்பி அனுப்பும் கெடுவுக்குள் இதைச் செய்துவிடுங்கள்.

இன்னொன்று, இந்தச் சின்ன டாங்கிள் பலவற்றில் எச்டிஎம்ஐ அவுட் இருக்காது. கணினித் திரையில் ஓபிஎஸ் காட்டும் படத்தைப் பார்த்தே ஆட வேண்டும், அதில் தாமதம் உண்டு. பொத்தானை அமுக்கி, அடி விழுந்து, அதற்கப்புறம் நீங்கள் குதிப்பீர்கள். படத்தை டிவிக்கும் அப்படியே அனுப்பும் பாஸ்த்ரூ உள்ள கார்டு, இல்லாவிட்டால் தனியே ஒரு எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர், இரண்டில் ஒன்று அவசியம்.

ஆனால் உங்களுக்குக் கார்டே வேண்டுமா என்பதுதான் முதல் கேள்வி. பிஎஸ்5-இல் ஆடுகிறீர்கள் என்றால் கிரியேட் பட்டனே கடைசி 60 நிமிடம் வரை சேமித்துத் தரும். செட்டிங்ஸில் கேப்சர்ஸ் அண்ட் பிராட்காஸ்ட்ஸ் போய் 1080பி எம்பி4 வைத்துக்கொள்ளுங்கள். 4கே வைத்தால் வெப்எம் கோப்பாக விழும், சில எடிட்டிங் மென்பொருள் அதைத் தொடாது. எக்ஸ்ஃபேட் ஃபார்மட் செய்த பென்டிரைவில் நகலெடுத்தால் வேலை முடிந்தது. சாதாரண பிஎஸ்4-இல் மட்டும் இது 720பி 30 ஃபிரேமோடு நின்றுவிடும், அங்கே கார்டுக்கு நியாயம் உண்டு. மொபைல் கேம் என்றால் ஆண்ட்ராய்டு 10-க்கு மேல் ஸ்கிரீன் ரெக்கார்டரே கேமின் உள்சத்தத்தையும் எடுக்கும். முதல் பத்து வீடியோவை இப்படிப் போடுங்கள். பதினொன்றாவதும் வந்தால் கார்டு வாங்கலாம்.

கார்டு போட்டும் திரை கறுப்பாக இருந்தால் கார்டு கெட்டுவிட்டது என்று திருப்பி அனுப்பாதீர்கள். பிஎஸ்5-இல் சிஸ்டம், எச்டிஎம்ஐ பகுதியில் (பிஎஸ்4-இல் சிஸ்டம் பகுதியிலேயே) ‘எனேபிள் எச்டிசிபி’ என்ற நகல் தடுப்புப் பூட்டு ஆனில் இருக்கும். அணையுங்கள். அது அணைந்திருக்கும்வரை நெட்ஃபிளிக்ஸ் போன்றவை ஓடாது, படம் பார்க்கும்போது மறுபடி போட்டுக்கொள்ளுங்கள். ஓபிஎஸ்ஸில் எம்கேவி கோப்பாகப் பதியுங்கள். நடுவில் கரன்ட் போனாலும் அதுவரை பதிந்தது பிழைக்கும், சாதாரண எம்பி4 என்றால் மொத்தமும் போகும். பிறகு ஃபைல் மெனுவில் ரீமக்ஸ் செய்தால் எம்பி4 ஆகிவிடும். 1080பி 60-க்கு யூடியூப் பரிந்துரைப்பது 12 மெகாபிட், மணிக்கு 5.4 ஜிபி. ஹார்ட் டிஸ்கில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மைக் பற்றி ஒரு வரி. பலர் வாங்கும் போயா பிஒய்-எம்1-இன் முனையில் மூன்று கறுப்பு வளையம் இருக்கும், அது ஃபோனுக்கான நான்கு முனைப் பின். டெஸ்க்டாப்பின் ரோஸ் நிற மைக் துளையில் நேராகச் செருகிவிட்டு ‘டூப்ளிகேட் வந்துவிட்டது’ என்று புகார் எழுதுகிறார்கள். ஹெட்ஃபோனையும் மைக்கையும் பிரிக்கும் ஒரு சின்ன ஸ்ப்ளிட்டர் போதும். கணினியில் ஸ்விட்சை கேமரா பக்கம் தள்ளுங்கள், உள்ளே எல்ஆர்44 பேட்டரி இருக்கிறதா என்றும் பாருங்கள்.

கேள்வி: என் பிஎஸ்5-இன் டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில் கை வைக்காமலே ஆள் இடது பக்கம் நடக்கிறான். புதிது வாங்கவா, ரிப்பேரா? (கோவை வாசகர்)

பதில்: இதுதான் ஸ்டிக் டிரிஃப்ட். ஸ்டிக்குக்கு அடியில் கார்பன் தடத்தின் மேல் ஒரு சின்ன உலோக நாக்கு தேய்ந்துகொண்டே இருக்கிறது. தடம் தேய்ந்தாலோ அந்தத் தூள் நடுவில் சேர்ந்தாலோ கன்ட்ரோலர் ‘நடு’ எது என்பதை மறந்துவிடும்.

வாரன்டி காலம் முடியவில்லை, பில் இருக்கிறது என்றால் திருகாணியைத் தொடாதீர்கள், நேராக சர்வீஸ் சென்டர். முடிந்துவிட்டது என்றால் கன்சோலை அணைத்துவிட்டு, கன்ட்ரோலரின் பின்புறச் சிறு துளையில் ஊசியை விட்டு ஐந்து விநாடி அழுத்தி ரீசெட் செய்யுங்கள். பிறகு கேபிளில் செருகி பிஎஸ் பட்டனை அழுத்துங்கள். சரியாகவில்லையா, 90 சதவீதத்துக்கு மேற்பட்ட ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு சொட்டை ஸ்டிக்கின் இடுக்கில் விட்டு, வட்டமாகச் சுழற்றி, நன்றாகக் காயவிடுங்கள். தூள்தான் காரணம் என்றால் சரியாகும், தேய்மானம் என்றால் ஒரு வாரத்தில் திரும்ப வரும். அப்போது ஸ்டிக் மாட்யூலையே மாற்ற வேண்டும். 14 இடத்தில் ஈயப் பற்றை எடுக்க வேண்டிய வேலை. ஃபோன் ரிப்பேர் நன்றாகச் செய்பவர் செய்வார், அவசரக் கை போர்டைப் பொசுக்கும். காந்தத்தில் இயங்கும் ஹால் எஃபெக்ட் மாட்யூல் போட்டால் உரசலே இல்லை, ஆனால் மாற்றிய பிறகு கேலிப்ரேட் செய்து (நடுப்புள்ளியைச் சரியாக அமைத்து) தருவாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

புதிதாகவே வாங்குவதென்றால் இரண்டு எச்சரிக்கை. வீட்டிலிருக்கும் பழைய பிஎஸ்4 கன்ட்ரோலரை பிஎஸ்5-இல் இணைக்கலாம், ஆனால் பிஎஸ்4 கேம்களுக்கு மட்டுமே. போலியைப் பிடிக்க, கைப்பிடியின் சொரசொரப்பை ஃபோன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள். அசலில் அந்தச் சொரசொரப்பே பொடிப்பொடியான முக்கோணம், வட்டம், பெருக்கல், சதுரங்களால் ஆனது. வெறும் புள்ளிகளாகத் தெரிந்தால் கீழே வைத்துவிடுங்கள்.

கேள்வி: யூடியூபில் எல்லாரும் புகழ்ந்த கேமை முன்பதிவில் வாங்கி ஏமாந்தேன். இனி யாரைத்தான் நம்புவது? (வாசகர், சென்னை)

பதில்: ஆளைவிட, வீடியோ எந்தப் பெட்டியில் எடுத்தது என்பதைப் பாருங்கள். 2020 டிசம்பர் 10-இல் வந்த சைபர்பங்க் 2077-க்கு வெளியீட்டுக்கு முன் விமர்சகர்களுக்குக் கிடைத்தது பிசி பதிப்பு மட்டும். முதல் விமர்சன வீடியோக்களில் நிறுவனம் கொடுத்த காட்சிகளைத்தான் போட முடிந்தது. பிஎஸ்4-இல் அது எப்படித் தள்ளாடுகிறது என்று வாங்கியவர்கள் ஆடித்தான் தெரிந்துகொண்டார்கள். டிசம்பர் 18-இல் சோனி தன் ஸ்டோரிலிருந்தே அதை எடுத்துவிட்டுப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. மறுபடி ஸ்டோருக்கு வந்தது 2021 ஜூனில்.

ஆகவே வெளியாகி மூன்று நாள் பொறுங்கள். உங்களிடம் உள்ள அதே கன்சோலின் பெயரோடு ‘நோ கமென்டரி’ என்று தேடி, தரத்தை 1080பி60-க்கு ஏற்றி, கூட்டமான சண்டைக் காட்சியைப் பாருங்கள். 480பி-யில் எல்லாக் கேமும் அழகாகத்தான் இருக்கும். பணமோ இலவசப் பொருளோ வாங்கிப் பேசுபவர் அதை வீடியோவின் மொழியிலேயே சொல்ல வேண்டும் என்று மத்திய நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் வழிகாட்டி வெளியிட்டிருக்கிறது. தமிழில் புகழ்ந்துவிட்டு டிஸ்கிரிப்ஷன் அடியில் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை ஒளித்து வைப்பது அதற்குப் பொருந்தாது.

பிசியில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் வாங்கினால் 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பும். கேரக்டரின் மூக்கைச் செதுக்கும் நேரமும் அந்த 2 மணியில்தான் ஓடுகிறது. பிளேஸ்டேஷன் ஸ்டோரிலும் 14 நாள்தான், ஆனால் டவுன்லோடு தொடங்கிவிட்டால் பொதுவாக முடிந்தது கதை. ஆட்டோ டவுன்லோடை அணைத்து வையுங்கள்.

கேள்வி: பையன் என் ஃபோனில் யுசி (கேமுக்குள் செலவழிக்கும் நாணயம்) வாங்கி 6,000 ரூபாய் போய்விட்டது. திரும்ப வாங்க முடியுமா? (ஒரு தாய், சேலம்)

பதில்: கூகுள் பிளே வழியாகப் போயிருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்ட் கோரிக்கை போடுங்கள். காரணமாக, குடும்பத்தினர் அனுமதியின்றி வாங்கியதைத் தேர்வு செய்யுங்கள். ஒவ்வொரு வாங்கலுக்கும் தனித்தனியாகப் போட வேண்டும். வாங்கிய யுசியைப் பையன் செலவழித்திருந்தால் கேம் கணக்கு முடக்கப்படலாம், அதை அவனிடம் முன்பே சொல்லிவிடுங்கள். வெளியாள் யாருக்காவது யுபிஐயில் அனுப்பி வாங்கியிருந்தால் கூகுளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பில் கொடுத்த கடையோடோ தளத்தோடோ தகராறு என்றால் எண் வேறு: நுகர்வோர் உதவி எண் 1915.

இன்றே பிளே ஸ்டோர் செட்டிங்ஸில் ஒவ்வொரு வாங்கலுக்கும் பாஸ்வேர்டு கேட்கும்படி வையுங்கள். ஃபோனைத் திறக்கும் கைரேகையில் பையனுடையதும் பதிந்திருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள். பல வீடுகளில் ஓட்டை அங்கேதான்.