எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் பயணம்: ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: சிறிய செயற்கைக்கோள்களை ஏவ இஸ்ரோ உருவாக்கிய புதிய எஸ்.எஸ்.எல்.வி. ராக்கெட் 2022இல் தன் முதல் பயணத்திலேயே தோற்றது. ஒன்றன்பின் ஒன்றாக எரிந்து கழலும் அதன் நிலைகள் எல்லாம் சரியாக எரிந்தன என்கிறார்களே, பிறகு ஏன் தோல்வி என்று என் மாணவிகள் கேட்கிறார்கள். அதிலிருந்து எதைக் கற்றார்கள்?
- ஓர் ஆசிரியை, கோத்தகிரி

பதில்: மாணவிகள் கேட்டது மிகச் சரியான கேள்வி. 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழுந்த அந்த ராக்கெட்டின் மூன்று திட எரிபொருள் நிலைகளும் குறையின்றி எரிந்தன. ஆனால் இரண்டாம் நிலை கழன்ற கணத்தில், கருவிகள் பொருத்தப்பட்ட தளத்தில் எதிர்பாராத அதிர்வு எழுந்து, வேக மாற்றத்தை அளக்கும் கருவிகளான ஆறு முடுக்கமானிகளின் அளவும் ஒரே நேரத்தில் எல்லையை முட்டியது. உங்கள் ஊரில் பசுந்தேயிலை மூட்டையைத் தராசுக் கொக்கியில் சட்டென்று மாட்டினால், முள் கடைசிக் கோடு வரை ஓடித் திரும்பும். அதனால் தராசு கெட்டுவிட்டதென்று யாரும் சொல்வதில்லை. ராக்கெட்டின் மென்பொருளோ கருவிகள் பழுதடைந்ததாக முடிவு செய்து, அவற்றை ஒதுக்கிவிட்டு மாற்று வழிக்குப் போனது. கடைசியாக வேகத்தைத் திருத்த வேண்டிய சிறு நிலை அதனால் தன் வேலையைச் செய்யவில்லை.

நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகம் வேண்டிய இடத்தில், சுமார் ஒரு சதவீதம்தான் குறைவாக இருந்தது. அதற்கே 356 கிலோமீட்டர் உயர வட்டப்பாதை, ஒரு முனையில் 76 கிலோமீட்டர் வரை இறங்கும் நீள்வட்டமாகிவிட்டது. அந்த உயரத்தில் காற்றின் தடையைத் தாண்டிச் செயற்கைக்கோள் நிலைக்க முடியாது.

நிலைகள் பிரியும்போது எழும் அதிர்ச்சி, முழு ராக்கெட்டின் உடல் வழியாக எப்படிப் பரவும் என்பதைத் தரைச் சோதனை முழுமையாகக் காட்டுவதில்லை என்பது ஒரு பாடம். அதைவிட முக்கியமானதாக நான் கருதுவது, பாதுகாப்புக்கென எழுதிய விதியே பயணத்தைக் கெடுத்தது என்பதுதான். ஒரு கருவி பழுதாகலாம். ஆறும் ஒரே கணத்தில் பழுதாவது அரிது. ஆகவே எல்லாம் சேர்ந்து விபரீதமாகக் காட்டினால், வெளியே ஏதோ நடந்திருக்கிறது என்று முதலில் ஐயுற வேண்டும். பறக்கும்போதே தரைக்கு வந்து சேர்ந்த அளவீடுகள் இல்லாமல் இதையும் கண்டறிந்திருக்க முடியாது.

பிரிப்பு அமைப்பையும், கருவித் தளத்தின் கட்டமைப்பையும், மென்பொருள் விதியையும் மாற்றி, 2023 பிப்ரவரி 10 அன்று மீண்டும் ஏவி வென்றார்கள். முதல் பயணத்தில் இழந்த ஆசாதிசாட் என்ற சிறு செயற்கைக்கோள், அரசுப் பள்ளி மாணவிகள் 750 பேர் பங்கேற்று உருவாக்கியது என்பதையும், அதன் அடுத்த வடிவம் இரண்டாம் பயணத்தில் 450 கிலோமீட்டர் உயரச் சுற்றுப்பாதையை அடைந்தது என்பதையும் உங்கள் மாணவிகளிடம் சொல்லுங்கள்.